கிணற்றடியில் ஒரு காலை: புனே பூலே வாடா

மே மாத விடுமுறையில் புனேயில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். "எங்கெல்லாம் பார்க்கணும், சொல்லுங்க அக்கா" என்று கேட்ட தங்கை வீட்டுக்காரர், சனிவார் வாடா, ஆகா கான் அரண்மனை, சிங்ககட் கோட்டை என்று அவரே அடுக்கவும் தொடங்கினார். அதெல்லாம் அப்புறம், முதலில் கஞ்ச் பேட்டில் சாவித்திரிபாய் பூலேயும் கணவரும் வாழ்ந்த பூலே வாடா என்றேன். பதினெட்டு வருடமாக அந்த ஊரில் இருக்கிறவர் அவர். அந்த வழியாகப் பலமுறை போயிருக்கிறார், உள்ளே போனதில்லை. அவருக்கு அன்றைக்கு வேலை. நான், தங்கை, எட்டாம் வகுப்பு முடித்திருக்கிற அவள் மகள், மூன்று பேரும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினோம்.

நான் திண்டிவனம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. இருபத்தாறு வருடம் ஆகிறது. ஜனவரி 3 வந்தால் கரும்பலகையின் ஓரத்தில் சாவித்திரிபாய் பூலே பிறந்தநாள் என்று எழுதிவிட்டு, ஒரு பாடவேளையை அவருக்காகவே எடுத்துக்கொள்வேன். 1831-ல் சத்தாரா மாவட்டம் நாய்காவில் பிறந்தவர், ஒன்பது வயதில் கல்யாணம், கணவர் ஜோதிராவிடம் எழுத்துக் கற்றவர், 1848-ல் புனேயில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தியவர், தெருவில் சாணியும் சேறும் எறிந்தார்கள், அதனால் பையில் மாற்றுப் புடவை வைத்துக்கொண்டு போனார். இதையே வருடா வருடம் சொல்லியிருக்கிறேன். அவர் வாழ்ந்த வீட்டை ஒரு தடவை கண்ணால் பார்க்காமல் ஓய்வு பெறக்கூடாது என்று மனதில் ஒரு கணக்கு இருந்தது.

போகிற வழியைச் சொல்லிவிடுகிறேன். சிவாஜிநகரில் மெட்ரோ ஏறி ஸ்வார்கேட்டில் இறங்கினோம். அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். "பூலே வாடா" என்று சொன்னால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரிகிறது. மராத்தியில் வாடா என்றால் முற்றம் வைத்துக் கட்டிய பழைய வீடு. இந்த வளாகத்துக்கு சமதா பூமி என்றும் பெயர் உண்டு. சமத்துவ நிலம் என்று நம் மொழியில் சொல்லலாம். மாநில அரசு பாதுகாக்கிற நினைவுச் சின்னம். எங்களிடம் யாரும் நுழைவுக் கட்டணம் கேட்கவில்லை.

இந்த வீட்டுக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் மாதிரி கண்ணாடிப் பேழைகளும், கூடம் கூடமாகச் சிலைகளும் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். இது ஒரு வீடு. 1852-ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்ட, தோட்டக்காரச் சமூகத்துக் குடும்பம் ஒன்று குடியிருந்த வீடு. உள்ளே சுவர்களில் அவர்கள் வாழ்க்கையைச் சொல்லும் படங்கள், வம்சாவளி, ஜோதிராவின் உயில். வெளியே அவருடைய மார்பளவுச் சிலை, ஒரு கிணறு, பின்னால் ஒரு துளசி மாடம். வேகமாகப் பார்க்கிறவர் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு வந்துவிடலாம். நாங்கள் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இருந்தோம்.

இன்னொன்று. முதல் பள்ளி நடந்த இடம் இது கிடையாது. அது புதவார் பேட்டில், தகடூசேட் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே இருந்த பிடே வாடாவில் நடந்தது. அந்தப் பழைய கட்டடத்தை நினைவிடம் கட்டுவதற்காக 2023 டிசம்பரில் இடித்துவிட்டார்கள். "அப்போ இங்க பள்ளிக்கூடம் இல்லையா பெரிம்மா?" என்று தங்கை மகள் கேட்டாள். அவள் கேட்ட பிறகுதான் எனக்கே அது உறைத்தது. ஒரு பள்ளிக்கூடம் நடக்க வேண்டுமானால் அதற்கு வெளியே என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்பதைத்தான் இந்த வீடு காட்டுகிறது. தண்ணீர், சோறு, தங்க இடம், அடி வாங்கி வந்தால் ஆறுதல், கைவிடப்பட்டவளுக்கு ஒரு பாய். வாசலில் நின்றபடி இதை நினைத்துக்கொண்டேன். அப்புறம் பார்த்ததையெல்லாம் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

கிணற்றிலிருந்து தொடங்குகிறேன். எல்லோரும் சிலைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு, கிணற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1868-ல் தன் வீட்டுத் தண்ணீரைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு ஜோதிராவ் திறந்துவிட்டார். இன்றைக்குப் படிக்க ஒரு வரிதான் இது. ஆனால் தண்ணீர் விஷயம் ஊரில் எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்கு இது ஒரு வரியில் அடங்காது.

எனக்கு ஏழு எட்டு வயது இருக்கும், 1980 வாக்கில். எங்கள் ஊர்க் கிணற்றடியில் காலனிப் பெண்கள் குடத்தோடு ஒதுங்கி நிற்பார்கள். கயிற்றைத் தொடக்கூடாது, கிணற்று மேடையில் ஏறக்கூடாது. யாராவது இறைத்து மேலிருந்து ஊற்ற வேண்டும். ஊற்றுகிறவர்களுக்கு நேரம் இருந்தால்தான் தண்ணீர். அந்த வரிசையில் என்னோடு இரண்டாம் வகுப்பில் படித்த ஒருத்தி நிற்பாள். முதல் மணி அடித்தாலும் அவளால் வர முடியாது. தாமதமாக வந்தால் வெளியே நிற்க வைப்பார்கள். நாலாம் வகுப்புக்கு அவள் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று அப்போது யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. படிப்பில் அவள் என்னைவிடக் கெட்டி.

பூலே வீட்டுக் கிணற்றின் விளிம்புக் கல்லில் கை வைத்தபோது அவள் ஞாபகம்தான் வந்தது. மே மாத வெயிலிலும் அந்தக் கல்லின் நிழல் விழுந்த பக்கம் குளிர்ச்சியாக இருந்தது. விரலால் தடவினால் சொரசொரப்பு. அந்தக் காலத்தில் புனேயில் இப்படித் தண்ணீரைத் திறந்துவிடுவது எத்தனை பேரைப் பகைத்துக்கொள்வது! அந்தத் தண்ணீரை எடுத்துப் போன வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பாதி நாள் மிச்சமாகியிருக்கும். பாதி நாள் கிடைத்தால்தான் பள்ளிக்கூடம். வெறுமனே "எல்லோரும் படிக்க வாருங்கள்" என்று கூப்பிட்டுவிட்டுத் தண்ணீரைப் பூட்டி வைத்திருந்தால் யார் வந்திருப்பார்கள்?

நான் அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். தங்கை வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

உள்ளே அறைகள் சிறியவை, கொஞ்சம் இருட்டு. வெளியே இருந்த அனலுக்கு அந்த இருட்டு இதமாக இருந்தது. படங்களுக்குக் கீழே எழுதியிருப்பது, நான் பார்த்தவரை, பெரும்பாலும் மராத்திதான். எனக்கு இந்தி எழுத்து தட்டுத் தடுமாறிப் படிக்க வரும், அவ்வளவுதான். அதனால் அன்றைக்கு எங்கள் வழிகாட்டி தங்கை மகள். பள்ளியில் மராத்தி படிக்கிறாள், சாவித்திரிபாய் பற்றிப் பாடமும் படித்திருக்கிறாள். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று, வாய்விட்டு ஒரு தடவை மராத்தியில் படித்துவிட்டு, "அதாவது பெரிம்மா..." என்று தமிழில் சொல்வாள். ஒரு பெண் குழந்தை சத்தமாகப் படிக்க, நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் கேட்டுக்கொண்டு நின்றோம். அந்த வீட்டில் அது நடந்தது எனக்கு நிறைவாக இருந்தது.

இந்தக் கதையில் நம் ஊரில் அதிகம் பேசப்படாத ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சகுணாபாய் க்ஷீர்சாகர். தாயை இழந்த ஜோதிராவை வளர்த்த உறவுக்காரப் பெண், இளம் விதவை. ஜோதிராவ் வீட்டில் எழுத்துக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தபோது சாவித்திரிபாய் மட்டும் கற்கவில்லை, சகுணாபாயும் சேர்ந்துதான் கற்றார். அப்புறம் சாவித்திரிபாய் முறையாக ஆசிரியர் பயிற்சியும் பெற்றார். அகமத்நகரில் சிந்தியா ஃபரார் என்ற அமெரிக்க மிஷனரிப் பெண்மணி நடத்திய இடத்திலும், புனேயில் நடந்த பயிற்சிப் பள்ளியிலும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன்: அவர் ஏதோ ஆர்வத்தில் நாலு பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் இல்லை, பயிற்சி பெற்ற ஆசிரியர்.

1849-ல் ஜோதிராவின் அப்பா, ஊர்ப் பேச்சுக்குப் பயந்து, மகனையும் மருமகளையும் வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார். ஜோதிராவின் நண்பர் உஸ்மான் ஷேக் தன் வீட்டில் இடம் கொடுத்தார். அந்தக் குடும்பத்து ஃபாத்திமா ஷேக், சாவித்திரிபாயோடு சேர்ந்து பாடம் நடத்தினார். 1856-ல் உடம்பு சரியில்லாமல் நாய்காவில் பிறந்த வீட்டில் இருந்த சாவித்திரிபாய், கணவருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அதில், நான் இங்கே இருப்பதால் ஃபாத்திமாவுக்கு வேலைச் சுமை அதிகமாகியிருக்கும், ஆனாலும் அவள் முணுமுணுக்க மாட்டாள் என்ற பொருளில் எழுதுகிறார். நான் இரண்டு பிரசவ விடுப்பு எடுத்தவள். என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட தோழிகளை நினைத்து மனது கனத்திருக்கிறேன். 170 வருடத்துக்கு முந்தைய அந்தக் கவலை அப்படியே எனக்குப் புரிந்தது.

அதே கடிதத்தில் அண்ணனோடு நடந்த வாக்குவாதமும் வருகிறது. தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து நீயும் உன் கணவனும் சாதியை விட்டு விலக்கப்பட்டீர்கள், இதை நிறுத்து என்று அண்ணன் சொல்கிறார். நோயில் கிடக்கிற தங்கை பொறுமையாக, ஆனால் ஒரு அடி கூடப் பின்வாங்காமல் பதில் சொல்கிறார். பிறந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பிறந்த வீட்டோடு வாதாடுவது லேசில்லை. கல்யாணமான பெண்களுக்கு இது தெரியும்.

இங்கே என் பள்ளிக் கதை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்களிடம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாவதுக்கு நாலு கிலோமீட்டர் தள்ளிப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். 2018-ல் எட்டாவது முடித்த ஒருத்தியின் அப்பா டி.சி. வாங்கவே வரவில்லை. வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் கூட்டம், வழியில் பையன்கள் கேலி பேசுகிறார்கள், வயசுக்கு வந்த பிள்ளை, வேண்டாம் டீச்சர் என்றார். இரண்டாவது தடவை போனேன், முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது தடவை போனபோது திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி, "நான் கூடப் போய் பஸ் ஏத்திவிட்டு வரேன், அவ படிக்கட்டும்" என்று சொன்னார். அவ்வளவுதான் முடிந்தது. பாட்டி சொன்னபடியே தினமும் காலையில் அவளோடு நடந்தார். அந்தப் பெண் இப்போது நர்சிங் மூன்றாம் வருடம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வருகிறது.

பூலே தம்பதியும் பிள்ளைகள் நின்றுவிடாமல் இருக்க உதவித்தொகை கொடுத்துப் பார்த்தவர்கள்தான். "அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு" என்று நம்மிடம் ஒரு வழக்குச் சொல் உண்டு. அதை வாயால் மறுத்துப் பேசுவது சுலபம். அந்த அடுப்பு வேலையை யார் பார்ப்பது, பஸ் வரை யார் கூட நடப்பது, மாதாமாதம் செலவுக்கு என்ன செய்வது என்பதற்குப் பதில் வேண்டும். சகுணாபாயின் பெயரைச் சொல்லும்போது அந்த வெற்றிலைப் பாட்டியின் முகம்தான் எனக்கு வந்தது.

அடுத்து மனதைப் பிசைந்த விஷயம், 1863-ல் அவர்கள் தொடங்கிய காப்பகம். அந்தக் காலத்தில் சிறுவயதிலேயே விதவையாக்கப்பட்ட பெண்கள், ஏமாற்றப்பட்டோ வன்முறைக்கு ஆளாகியோ கருவுற்றால், தற்கொலையா சிசுக்கொலையா என்பதைத் தவிர வேறு வழி இல்லை. அவர்கள் ரகசியமாக வந்து பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், விரும்பினால் குழந்தையை விட்டுவிட்டும் போகலாம் என்று இந்தத் தம்பதி தங்கள் வீட்டையே திறந்துவிட்டார்கள். பெரும்பாலும் பிராமண விதவைகள். வெளியே அவர்களுடைய சமூகத்து ஆண்கள்தான் சாவித்திரிபாய் மீது சேறு எறிந்தவர்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். பிரசவம் பார்த்துக் குழந்தையைத் துடைத்து எடுத்த கையும், கரும்பலகையில் எழுதிய கையும் ஒன்றுதான். அப்படி வந்த ஒரு பெண் பெற்ற குழந்தையை 1874-ல் இவர்கள் தத்தெடுத்தார்கள். அவர்தான் யஷ்வந்த், பின்னாளில் மருத்துவரானார்.

இதைத் தங்கை மகளிடம் எப்படிச் சொல்வது என்று தங்கை தயங்கினாள். பதின்மூன்று வயதுப் பெண். நான் நேராகவே சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்களுக்கு அப்போ என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டாள். தன் வயது இருக்குமா என்பதுதான் அவள் கேள்வி. இருக்கும் என்றேன். பெண் குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த இடத்தில் கதையை மூடி மறைக்காதீர்கள். அவர்களுக்குப் புரியும்.

உயில் இருக்கிற சுவருக்கு வந்தோம். 1887-ல் ஜோதிராவ் எழுதியது. தங்கை மகள் பழைய மராத்தி கடினமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வரி வரியாகப் போனாள். எனக்கு அதன் சாரம் முன்பே தெரியும், ஆனாலும் அந்த வீட்டில் நின்று கேட்பது வேறு. யஷ்வந்த் நன்றாகப் படித்து முன்னுக்கு வந்தால் சொத்து அவனுக்கு. படிக்காமல் ஊர் சுற்றித் திரிந்தால், அவர்கள் 1873-ல் தொடங்கிய சத்யசோதக் சமாஜம் என்ற உண்மை தேடுவோர் சங்கத்தாரில் பெரும்பான்மையோரின் சம்மதத்தோடு, தகுதியான வேறொரு பிள்ளையைச் சாவித்திரிபாய் தேர்ந்தெடுக்கலாம். ரத்த பாசம், வாரிசு என்று ஊரே பேசுகிற இடத்தில் படிப்பை நிபந்தனையாக எழுதி வைத்திருக்கிறார். தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மனைவியிடம் விட்டிருக்கிறார். 1880-களில் எத்தனை கணவர்கள் இப்படி எழுதியிருப்பார்கள்?

எழுதிய அடுத்த வருடம், 1888-ல், பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கம் செயலிழந்தது. இடது கையால் எழுதப் பழகி, தன் கடைசிப் புத்தகத்தை எழுதி முடித்தார். "பெரிம்மா, இடது கையால ஒரு பக்கம் எழுதிப் பார்க்கவா?" என்றாள் இவள். அன்று இரவு வீட்டில் உண்மையாகவே எழுதிப் பார்த்தாள். ஆறு வரி எழுத அரை மணி நேரம். அந்தத் தாளை என்னிடம் கொடுத்திருக்கிறாள்.

தன்னை எரிக்கக்கூடாது, உப்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்று அந்த உயிலில் கேட்டிருந்தார் ஜோதிராவ். வீட்டுக்குப் பின்னால் குழியும் தயாராக இருந்தது. 1890 நவம்பர் 28-ல் அவர் இறந்தபோது, குடியிருப்புப் பகுதி என்று சொல்லி நகராட்சி அனுமதிக்கவில்லை. தகனம் செய்ய வேண்டியதாயிற்று. தத்துப்பிள்ளை கொள்ளிச்சட்டி எடுக்கக்கூடாது என்று உறவுக்காரர்கள் தகராறு செய்ய, சாவித்திரிபாய் தானே சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்து, கணவருக்குக் கொள்ளி வைத்தார். 1890-ல். நம் வீடுகளில் இன்றைக்குக் கூட ஒரு பெண் இதைச் செய்தால் செய்தித்தாளில் போடுகிறார்கள். அப்புறம் அஸ்தியைக் கொண்டுவந்து வீட்டின் பின்புறம் வைத்தார். அந்த இடத்தில்தான் துளசி மாடம் இருக்கிறது.

நாங்கள் பின்புறம் போனபோது அங்கே ஏழெட்டு கிராமத்துப் பெண்கள் இருந்தார்கள். இரண்டு பேர் மராத்திக் கட்டில் ஒன்பது கஜப் புடவை கட்டியிருந்தார்கள். ஒரு பாட்டி மடியிலிருந்து செவ்வந்திப் பூ ஒன்றை எடுத்து மாடத்தின் மேல் வைத்துவிட்டு, அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரொம்ப நேரம் மடியில் இருந்ததால் பூ ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. பாட்டி அதன் இதழ்களை விரலால் நிமிர்த்தி வைத்தார்.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று எங்களிடம் கேட்டார். தங்கை மகள் பதில் சொன்னாள். இவர் என் பெரியம்மா, தமிழ்நாட்டில் ஆசிரியை என்றதும், பாட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். "நீயும் சாவித்ரிச்சீ லேக் தானே" என்கிறாராம். சாவித்திரியின் மகள். படித்த பெண்களை அங்கே அப்படிச் சொல்வது வழக்கமாம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி பட்டப்படிப்பு படிக்கிறாளாம், அவளுக்காகத்தான் பூ. எனக்குப் பேச வரவில்லை. அவர் கை காய்த்துப் போய்க் கெட்டியாக இருந்தது, வெங்காயத் தோட்டத்தில் வேலை என்று பிறகு தெரிந்தது.

அந்த மாடத்தடியில் நிழலில் உட்கார்ந்துகொண்டு, சாவித்திரிபாயின் கடைசி நாட்களைத் தங்கை மகளுக்குச் சொன்னேன். 1897-ல் புனேயில் பிளேக். யஷ்வந்த் ஊருக்கு வெளியே மருத்துவமனை நடத்துகிறார். முந்த்வாவில் பாண்டுரங் பாபாஜி கெய்க்வாட் என்பவரின் மகனுக்குப் பிளேக் கண்டிருப்பது தெரிந்ததும், அறுபத்தாறு வயது சாவித்திரிபாய் போய் அந்தப் பையனை முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். நோய் அவரைத் தொற்றியது. மார்ச் 10-ல் இறந்தார். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் இதைச் சொல்லும் இடத்தில் என் குரல் கம்மிவிடும். இந்தத் தடவையும் அப்படித்தான்.

இனி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஒன்றும் தெரியாமல் போனால் இந்த வீடு உங்களோடு அதிகம் பேசாது. ஒரு மணி நேரமாவது முன்னால் படித்துவிட்டுப் போங்கள். குறிப்பாக முக்தா சால்வேயைப் பற்றி. இவர்கள் பள்ளியில் படித்த, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மாங் சமூகத்துச் சிறுமி. மகர், மாங் மக்களின் துயரத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 1855-ல் ஞானோதய் என்ற பத்திரிகையில் வெளிவந்தது. ஒரு பள்ளி நன்றாக நடந்ததா என்பதற்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. என் வகுப்புப் பிள்ளைகள் எழுதியதை அச்சில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அவளால்தான் வந்தது.

மராத்தி படிக்கத் தெரிந்த யாரையாவது கூட்டிப் போங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. ஏப்ரல் 11 ஜோதிராவ் பிறந்தநாள், நவம்பர் 28 நினைவு நாள். அந்த நாட்களில் மாலை மரியாதை செய்யக் கூட்டம் வரும். கூட்டத்தின் உணர்ச்சியைப் பார்க்க வேண்டும் என்றால் அப்போது போகலாம். நிதானமாக உட்கார வேண்டும் என்றால் வேலை நாளில், வெயில் ஏறுவதற்குள் போங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கி வர நினைவுப் பொருள் என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். நான் கிணற்றையும் துளசி மாடத்தையும் மட்டும் படம் எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மண்டயி என்று சொல்கிற பெரிய காய்கறிச் சந்தைக்குள் போனோம். 1886-ல் திறந்த பழைய கட்டடம், கோபுரத்தோடு அழகாக இருக்கிறது. அதன் பெயர் இப்போது மகாத்மா பூலே மண்டயி. ஜோதிராவ் நகராட்சி உறுப்பினராக இருந்தபோது, இந்தச் சந்தையைக் கட்ட இவ்வளவு செலவு செய்வதை எதிர்த்தவர். அந்தப் பணம் படிப்புக்குப் போகட்டும் என்பது அவர் வாதம். பிற்காலத்தில் அந்தச் சந்தைக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். தங்கை அங்கே கொத்தமல்லியும் கோங்குராவும் வாங்கினாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கிணற்றுப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து ஏழாம் வகுப்புச் சுவரில் ஒட்டினேன். கீழே 1868 என்று மட்டும் எழுதினேன், விளக்கம் எழுதவில்லை. பிள்ளைகளே கேட்கட்டும் என்று விட்டிருந்தேன். மூன்றாவது நாளே ஒரு பெண் எழுந்து, "டீச்சர், இது யாரு வீட்டுக் கிணறு?" என்று கேட்டாள். அன்றைக்கு அறிவியல் பாடம் நடக்கவில்லை.

நாய்காவில் சாவித்திரிபாய் பிறந்த வீட்டையும் நினைவிடமாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அடுத்தது அதுதான். அரையாண்டு விடுமுறை பெரும்பாலும் புத்தாண்டை ஒட்டி முடிந்துவிடும், பிறந்தநாள் 3-ல் வருகிறது. தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், இரண்டு நாள் சி.எல். வேண்டும் என்று.